எடுத்ததும் வைத்ததும்: கீல்டர் நீர்த்தேக்கத்தின் நான்கு அடுக்குகள்

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லாந்தில் கீல்டர் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கு செல்பவர் கண்ணில் முதலில் படுவது அடர்ந்த காடும் விரிந்த ஏரியும். இரண்டும் இயற்கையின் கொடை என்றே எண்ணத் தோன்றும். உண்மையில் இரண்டுமே இருபதாம் நூற்றாண்டில் மனிதர் திட்டமிட்டு உண்டாக்கியவை. இன்று அக்கரைகளில் சிற்பங்கள் நிற்கின்றன. மரவேர்களுக்கும் கற்களுக்கும் இடையே யாரோ ஒளித்துவைத்த சிறு டப்பாக்களும் இருக்கின்றன. காடு, நீர், சிற்பம், டப்பா என்னும் நான்கு அடுக்குகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அவ்விடத்தின் வரலாறு நமக்குப் புலப்படுகிறது.

முதல் உலகப் போரின்போது பதுங்குகுழிகளுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் மரம் போதாமல் பிரிட்டன் திணறியது. அந்த அச்சத்தின் விளைவாக 1919-இல் வனத்துறை ஆணையம் உருவானது. 1926-இல் கீல்டரில் நடவு தொடங்கிற்று. ஆடுகள் மேய்ந்த மேட்டுநிலங்களில், வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. இன்று அக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 650 சதுர கிலோமீட்டர். ஆனால் நட்ட மரங்கள் முற்றுவதற்குள்ளாகவே இரண்டாவது போர் வந்து, முடிந்தும் போயிற்று.

நீரின் கதையும் இதைப் போன்றதுதான். டீஸ் ஆற்றங்கரையின் எஃகு ஆலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் பெருகிக்கொண்டே போகும், அவற்றின் தாகம் தீராது என்று 1960-களின் பிற்பகுதியில் கணக்கிட்டார்கள். 1975-இல் அணைப் பணி தொடங்கி 1981-இல் நிறைவுற்றது. மறு ஆண்டு ராணி இரண்டாம் எலிசபெத் திறந்துவைத்தார். 52 மீட்டர் உயரமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட மண்ணணை அது. அதன் பின்னே தேங்குவது 20,000 கோடி லிட்டர், நம் கணக்கில் சுமார் 7 டி.எம்.சி. கொள்ளளவில் பிரிட்டனின் மிகப் பெரிய செயற்கை ஏரி அதுவே. அணை எழுந்த அதே ஆண்டுகளில் எஃகுத் தொழில் சரியத் தொடங்கியது. எதிர்பார்த்த தாகம் வரவில்லை. வெள்ளை யானை என்று விமர்சகர்கள் ஏளனம் செய்தனர். டைன் நீரைச் சுரங்கக் குழாய் வழியே வேர், டீஸ் ஆறுகளுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு இன்றும் பயன்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் எந்த எஃகுக்காக இத்தனையும் செய்தார்களோ, அதன் கடைசிப் பெரும் உலைகளுள் ஒன்றான ரெட்கார் ஆலை 2015-இல் அணைந்துவிட்டது.

அந்த ஏரிக்கு அடியில் பண்ணைகள் இருக்கின்றன. ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1950-களிலேயே மூடப்பட்ட பழைய ரயில் பாதையின் ஒரு பகுதியும் இருக்கிறது.

மூன்றாவது அடுக்கு சிற்பங்கள். 1990-களிலிருந்து கலைஞர்களும் கட்டடக் கலைஞர்களும் கீல்டருக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் செய்தவற்றுள் பல, நின்று பார்க்கும் சிலைகள் அல்ல. உள்ளே நுழைந்து வேறொன்றைப் பார்க்க உதவும் அறைகள். கிறிஸ் ட்ரூரி 1996-இல் கரையோரம் கற்களை அடுக்கி, தேன்கூட்டை ஒத்த இருட்டறை ஒன்றைக் கட்டினார். அதன் கூரையில் பதித்த வில்லை, வெளியே அசையும் ஏரி அலைகளின் பிம்பத்தைத் தரையில் விழச் செய்தது. பள்ளத்தாக்கை மூழ்கடித்த நீர், அங்கே காலடியில் ஓசையின்றி அலையும் வெறும் ஒளியாகிறது. 2000-இல் ஜேம்ஸ் டரெல் குன்றின் மேல், பாதி மண்ணுக்குள் புதைந்த வட்ட அறையைக் கட்டினார். அதன் கூரையில் வட்டமாக ஒரு திறப்பு. சுவரை ஒட்டி அமர்ந்து அண்ணாந்தால் வானம் மட்டுமே தெரியும்.

டரெலின் அறை எழுந்த அதே ஆண்டு, வேறொரு வகையிலும் மனிதர் வானத்தை நாடலாயினர். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடு. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் நூறு மீட்டர் வரை பிழை வருமாறு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்தார்கள். 2000 மே 1 அன்று அதிபர் கிளின்டனின் ஆணையால் அந்தப் பிழை நீக்கப்பட்டது. மே 3 அன்று, ஓரிகான் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் மறைத்துவைத்து, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். புத்தகம், கவண், பீன்ஸ் டப்பா போன்றவை உள்ளே இருந்தன. அம்மாத இறுதிக்குள் அவ்விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்ற பெயரும் அமைந்துவிட்டது. இங்கிலாந்துக்கு இது முற்றிலும் புதிதன்று. 1854-இல் டார்ட்மூர் வழிகாட்டியான ஜேம்ஸ் பெரட், கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்து, அங்குவரை நடந்து வருவோர் தம் பெயரட்டையை அதில் இடச் செய்தார். அவ்வழக்கம் அங்கே பல தலைமுறைகளாகத் தொடர்ந்தது.

ஆக, போருக்கென நட்ட காடு, எஃகுக்கென தேக்கிய நீர், ராணுவத்துக்கென ஏவிய செயற்கைக்கோள் ஆகிய மூன்றும் இன்று ஒரு சிறுவனின் டப்பா தேடலில் வந்து சேர்கின்றன. பெரும் திட்டங்கள் தாம் எண்ணிய எதிர்காலத்தை அடைவதில்லை. வேறு யாருடைய எதிர்காலத்துக்கோ இடமாகிப் போகின்றன. இதில் ஓர் ஆறுதல் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதலோடு வரலாற்றை முடித்துவிட முடியாது. மூழ்கிய பள்ளிக்கூடத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் உண்டு. கருவி அவ்விடத்தைக் காட்டவும் செய்யும். நாம் சென்று சேர்வது நீர்ப்பரப்பாகவே இருக்கும். அங்கே கையெழுத்திட ஏடு இராது.

இவ்விளையாட்டில் ஒரு விதி உண்டு. டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுப்பவர், அதற்கு ஈடான அல்லது அதனினும் மேலான ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். வந்ததற்கு அடையாளமாகப் பெயரும் தேதியும் எழுத வேண்டும். நிலத்தின் சொந்தக்காரரைக் கேட்காமல் எதையும் மறைத்துவைக்கக் கூடாது என்பதும் விதியே. கைப்பிடி அளவு டப்பாவுக்கு வகுத்த இந்த நெறிகளை அணைகளுக்கும் வகுத்திருந்தால், உலகெங்கும் நீருக்கடியில் போன ஊர்களின் கதை வேறாக இருந்திருக்கும்.