தலையைச் சுற்றிய நூல்: புல்டாக் இலக்கணத்தில் சந்தையின் தடம்

ஹாரியட் ரிட்வோவின் ‘தி அனிமல் எஸ்டேட்’ 1987-இல் வெளிவந்தது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் நாய்ப் பிரியர்களைப் பற்றிப் பின்னாளில் எழுதியவர்கள் பெரும்பாலும் அந்த நூல் போட்ட பாதையிலேயே நடந்திருக்கிறார்கள். நாய்க் கண்காட்சி, வம்சாவளிப் பதிவேடு, பரிசுக் கோப்பை ஆகியவற்றை அந்தஸ்துக்காக ஏங்கிய நகர்ப்புற நடுத்தர வர்க்கம் தன் முகம் பார்த்துக்கொண்ட கண்ணாடியாகக் காண்கிறார் ரிட்வோ. அவருடைய வாதத்துக்குப் புல்டாக் வாகான சான்று. காளையைக் கடித்துத் தொங்கிய நாய்க்கு வேலை போன பிறகு, அதன் உடலை மனிதர் தம் விருப்பப்படி வளைத்தார்கள். அந்த வளைப்பில் பயன் ஏதும் இல்லை, இயற்கையின் மீது செலுத்திய அதிகாரத்தின் காட்சி மட்டுமே இருந்தது என்பது அவர் வாசிப்பின் சாரம்.

இந்த வாசிப்பில் பெரும்பகுதி சரியானதே. நாய்களுக்குக் கிடைத்த விலையை ரிட்வோ கவனிக்காதவரும் அல்லர். ஆனால் அவர் நூலில் அந்தஸ்து முன்னே போகிறது, விற்பனை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். வரலாற்றாசிரியர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சில்லறைச் சண்டையாக இதைத் தள்ளிவிட முடியாது. புல்டாகின் மூச்சுத்திணறல் ஒரு வர்க்கத்தின் வீம்பால் வந்தது என்றால், வீம்பு அடங்கியதும் அது தானே குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

காளையின் மீது நாயை ஏவும் விளையாட்டை இங்கிலாந்து 1835-இல் சட்டம் போட்டு நிறுத்தியது. முதல் நாய்க் கண்காட்சி 1859-இல் நியூகாசிலில் நடந்தது. அதில் வேட்டை நாய்களுக்கு மட்டுமே இடம். கென்னல் கிளப் 1873-இல் பிறந்தது. தடைக்கும் முதல் கண்காட்சிக்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் புல்டாகை யார் வைத்திருந்தார்கள்? லண்டனின் கென்சல் நியூ டவுனில் பில் ஜார்ஜ் என்றொரு நாய் வியாபாரி இருந்தார். சண்டை நாய்களுக்குப் பேர்போன பென் ஒயிட்டின் இடத்தை எடுத்துக்கொண்டு, ‘கேனைன் காசில்’ என்று பெயர் சூட்டி, வீட்டுக்குத் துணையாகவும் காவலாகவும் நாய்களை விற்றார். ‘பஞ்ச்’ இதழ் 1846-இல் அவர் முற்றத்தைப் பற்றி எழுதும் அளவுக்கு அந்த இடம் பிரபலமாயிற்று. கழகங்களும் கோப்பைகளும் வருவதற்கு முன்பே, வேலையிழந்த நாய்க்குச் சரக்கு என்ற புது உருவம் கிடைத்துவிட்டது. ரிட்வோ சொல்லும் கண்ணாடி அதற்குப் பிறகுதான் சுவரில் ஏறுகிறது.

இனி, இக்கட்டுரை சார்ந்து நிற்கும் ஆவணத்துக்கு வரலாம்.

ராக்ஸ்ட்ரோ என்பவர் 1864-இல் தொடங்கிய முதல் புல்டாக் கழகம் சுமார் மூன்று ஆண்டுகளே நீடித்தது. அதன் பொருளாளர் சாமுவேல் விக்கன்ஸ் ‘ஃபிலோ-குவோன்’ என்ற புனைபெயரில் இந்த நாய்க்கு ஓர் அங்க இலக்கணம் எழுதினார். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு நாய் நேசன் என்று பொருள். இலக்கணம் எழுதப்பட்ட ஆண்டைச் சிலர் 1864 என்கிறார்கள், சிலர் 1865 என்கிறார்கள். இக்கட்டுரைக்கு இரண்டில் எதுவானாலும் பாதகமில்லை; கழகம் உயிரோடிருந்த காலத்தது என்பதே போதும்.

காதிலும் காலிலும் தொடங்கவில்லை இந்த இலக்கணம். நாயின் பெருமையையும் பழமையையும் முதலில் சொல்கிறது. அடுத்து, அது மிக அரிதானது என்கிறது. பிறகு, அநியாயமாகப் பழி சுமந்தது என்கிறது. தொடர்ந்து வருவது எதிர்பாராதது. அன்பாக நடத்தி, எஜமானோடு பழகவிட்டால் இதைவிடச் சாதுவான நாய் கிடையாது. சங்கிலியில் கட்டிக் கவனிக்காமல் விட்டால் இணக்கம் குறைந்துபோகும் என்று விக்கன்ஸ் எழுதுகிறார். இதையெல்லாம் சொன்ன பிறகுதான் உடலுக்குப் போகிறார். உடலின் இலக்கணத்துக்கு முன்னால் நடத்தையின் இலக்கணம் நிற்கிறது. பின்னாளில் கழகங்கள் எழுதியவற்றில் உடலே பக்கத்தை நிரப்பியது. கட்டிப்போட்ட நாய்க்கு என்ன ஆகும் என்ற கவலைக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

அந்தஸ்து வாதத்துக்கு இந்த முகவுரை சாதகமாகவே தோன்றும். கசாப்புக்காரர்களோடும் சூதாடிகளோடும் சேர்த்துப் பேசப்பட்ட ஒரு நாயை, ஒரு கனவான் கழகம் கழுவித் துடைத்து வரவேற்பறைக்குள் கொண்டுவருகிறது என்று வாசிக்கலாம். ஆனால் ‘அரிது’ என்ற சொல் அங்கே ஏன் வந்தது? பெருமையும் பழமையும் குலத்தைச் சொல்லும் சொற்கள். அரிது என்பது எண்ணிக்கையைச் சொல்லும் சொல். ஒரு பொருள் கிடைப்பது அரிது என்ற பேச்சு, அதைத் தேடுகிறவர் ஒருவர் இருக்கும் இடத்தில்தான் எழும். பழி நீங்க வேண்டும் என்பதும், சாதுவானது என்பதும், அரிது என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, வாங்க வந்தவரின் தயக்கத்துக்கு வரிசையாகப் பதில் சொல்வதுபோல் இருக்கிறது: கடிக்குமா? கடிக்காது. ஊரில் கெட்ட பெயராயிற்றே? அது வீண்பழி. எங்கும் கிடைக்குமா? கிடைக்காது.

ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விக்கன்ஸை வியாபாரி ஆக்கிவிட முடியாது. அழிந்துகொண்டிருந்த இனத்தைக் காக்க நினைத்தவரின் உண்மையான வருத்தமாகவும் அது இருக்கலாம். சான்று மெலிந்த இடம் இது. ஆனாலும், எழுதியவரின் நோக்கம் எதுவாயிருந்தாலும், அச்சேறிய சொல் யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வி தனியாக நிற்கிறது. வருத்தத்தில் பிறந்த ‘அரிது’ விற்பவரின் வாய்க்குப் போனதும் விலையாகிறது.

அடுத்த சான்று இன்னும் அழுத்தமானது. ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ‘புளூ போஸ்ட்’ என்ற மதுக்கடையில் 1875-இல் கூடிய புல்டாக் கழகம் தனக்கென ஓர் இலக்கணம் வகுத்தது. மண்டையோடு மிகப் பெரிதாக இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்பது அந்தக் கழகத்தின் விதி. அதோடு ஓர் அளவும் உண்டு. காதுகளுக்கு முன்னால் தலையைச் சுற்றி நூல் பிடித்தால், அந்தச் சுற்றளவு நாயின் தோள் உயரத்துக்குக் குறையக் கூடாது. பதினைந்து அங்குல உயரமுள்ள நாயின் தலைச் சுற்று குறைந்தது பதினைந்து அங்குலம். கீழ்வரம்பு இருக்கிறது, மேல்வரம்பு இல்லை.

நம் மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பவரோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். சுழி பார்ப்பவர் கண்ணெதிரே நிற்கும் மாட்டின் தோலில் இருக்கும் குறியைத் தேடுகிறார். குறி இருந்தால் விலை ஏறும் அல்லது இறங்கும். அதற்காக யாரும் மாட்டின் மண்டையை மாற்றுவதில்லை. மேல்வரம்பில்லாத இலக்கணமோ இன்னும் பிறக்காத நாயைக் கேட்கிறது. இந்த ஆண்டு பரிசு வாங்கிய தலையைவிட அடுத்த ஆண்டுத் தலை ஒரு விரற்கடை பெரிதாக இருக்க வேண்டும். அந்தஸ்துக்கு இந்த ஓட்டம் தேவையில்லை. எங்கோ ஓர் இடத்தில் நின்று, இதுவே குலத்துக்கு அழகு என்று சொல்லிவிடலாம். விடாமல் ஏறிக்கொண்டே போவது ஏலத்தின் குணம்.

ரிட்வோ தரப்பில் எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ‘டட்லி’ எனப்பட்ட சதை நிற மூக்குள்ள புல்டாக்குகளைக் கழகத்தார் 1880களில் தகுதியிழக்கச் செய்தார்கள். சந்தைதான் ஆட்டிவைத்தது என்றால், விற்கக்கூடிய நாயை ஏன் தாமே தள்ள வேண்டும்? மூக்கின் நிறம் தன்னிச்சையான விதி. தன்னிச்சைதான் அதிகாரத்தின் அடையாளம். இந்த மறுப்புக்கு மதிப்புண்டு. ஆனால் தள்ளுபடியும் விற்பவரின் கருவிதான். ஒரு பகுதியைக் கழித்துக்கட்டினால் மிச்சமிருப்பது அரிதாகிறது. விக்கன்ஸ் எழுதியபோது இயல்பாக இருந்த அரிது, இங்கே செய்து வைத்த அரிதாக மாறுகிறது. சதை நிற மூக்கு நாய்களுக்கும் மற்றவற்றுக்கும் அக்காலத்தில் கிடைத்த விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டுமே இது உறுதிப்படும். அதுவரை இதை ஒரு கருதுகோளாக வைத்துக்கொள்வதே நேர்மை.

கண்காட்சிக் கூடத்தைப் பற்றி அத்தகைய தயக்கம் தேவையில்லை. விக்டோரியா காலக் கண்காட்சிப் பட்டியல்களில் நாயின் பெயருக்கும் வம்சத்துக்கும் பக்கத்திலேயே அதன் விலையும் அச்சிடப்பட்டது. விற்க மனமில்லாதவர் யாராலும் கொடுக்க முடியாத தொகையைப் போட்டுவைத்தார். கூடங்களில் நாய்கள் நிற்க மேடை அமைத்ததும் அவற்றுக்குத் தீனி போட்டதும் பெரும்பாலும் ஸ்ப்ராட் நிறுவனம். நாய் பிஸ்கட் விற்று வளர்ந்த அந்த நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்தவர்தான் சார்லஸ் க்ரஃப்ட். அவர் 1891-இல் இஸ்லிங்டனில் தன் பெயரில் நடத்திய கண்காட்சி இன்றும் உலகில் பேர்பெற்றதாக நடக்கிறது. வம்சாவளி நாயின் மிகப் பெரிய திருவிழாவைத் தொடங்கி வைத்தவர் பிரபுவும் அல்லர், கால்நடை அறிஞரும் அல்லர், பிஸ்கட் விற்றவர். நூற்றாண்டு திரும்பும் வேளையில் ராட்னி ஸ்டோன் என்ற புல்டாகை நியூயார்க் அரசியல்வாதி ரிச்சர்ட் குரோக்கர் 5,000 டாலர் கொடுத்து வாங்கினார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த ஒரு நடைப் போட்டி இந்த வரலாற்றில் தனித்து நிற்கிறது. டாக்லீஃப், கிங் ஓரி என்று அன்று பெயர்பெற்ற இரண்டு புல்டாக்குகள். டாக்லீஃப் தாழ்ந்து, கனத்து, இன்றைய புல்டாகை ஒத்த உடல். ஓரி கால் நீண்டு, எலும்பு இலேசாக, பழைய நாயின் சாயல். எது உண்மையில் நல்ல நாய் என்ற சச்சரவில் இரண்டையும் சாலையில் நடக்கவிட்டார்கள். தூரம் பத்து மைல் என்று சில நூல்களிலும் இருபது மைல் என்று சிலவற்றிலும் இருக்கிறது. ஆண்டும் 1893 என்றும் 1894 என்றும் மாறுகிறது. முடிவில் மட்டும் வேறுபாடில்லை. ஓரி நடந்து முடித்தது. டாக்லீஃப் பாதியிலேயே துவண்டுவிட்டது.

நடந்து ஜெயித்த உடல் இனத்தின் எதிர்காலமாகவில்லை. துவண்ட உடலே ஆயிற்று. அதிகாரத்தைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால், ஊரறிய நடந்த அந்தத் தோல்வி ஓர் அவமானமாகத் தைத்து விதியைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. வாங்குகிறவர் நாயோடு பத்து மைல் நடக்கப் போவதில்லை. அவர் தேடி வந்தது அந்த முகத்தை. 2003-இல் ஹட்ச் கைபேசிச் சேவையின் விளம்பரத்தில் பையனின் பின்னால் ஓடிய பக் நாயும், அதையடுத்து நம் நகரங்களில் பக் குட்டிகளுக்கு எழுந்த கிராக்கியும் நினைவிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முகத்துக்குக் கொடுத்த விலையை நாய் எப்படிக் கட்டுகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முகத்தின் எலும்பு குறுகிவிட்டது, உள்ளிருக்கும் சதை அதே விகிதத்தில் குறுகவில்லை. மேலண்ணத்தின் பின்பகுதி தொண்டைக்குள் இறங்கிக் காற்றை மறிக்கிறது. மூக்குத் துளை வெறும் கீறலாக இருக்கிறது. மூக்குக்கு மேலே மடிந்த தோலுக்குள் ஈரம் தங்கி, விரலால் பிரித்துப் பார்த்தால் சிவந்து நாற்றமெடுக்கிறது. வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டுச் சூட்டைத் தணிப்பதுதான் நாயின் வழி; மூச்சே தடைபடும்போது அந்த வழியும் அடைபடுகிறது. தலை பெருத்து இடுப்பு குறுகியதால் குட்டி வெளியே வர முடிவதில்லை. பிரிட்டனின் வம்சாவளி நாய்களைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வில், புல்டாக் பிரசவங்களில் 86.1 சதவீதம் சிசேரியன். 1875-இல் தலையைச் சுற்றிப் பிடித்த நூல் கடைசியில் தாயின் வயிற்றுத் தையலாகிறது.

லண்டனின் ராயல் வெட்டர்னரி காலேஜ் 2022-இல் வெளியிட்ட ஆய்வு 2,662 புல்டாக்குகளின் மருத்துவப் பதிவுகளை 22,039 பிற நாய்களோடு ஒப்பிட்டது. தோல்மடிப்பு அழற்சிக்கான வாய்ப்பு புல்டாக்குகளுக்கு 38 மடங்கு, குட்டைமுக மூச்சுத்தடைக்கு 19 மடங்கு. எட்டு வயதைக் கடந்தவை பிற நாய்களில் 25.4 சதவீதம், புல்டாக்குகளில் 9.7 சதவீதம்.

‘பெடிக்ரீ டாக்ஸ் எக்ஸ்போஸ்ட்’ என்ற ஆவணப்படத்தை பிபிசி 2008-இல் ஒளிபரப்பியதும் எதிர்ப்பு கிளம்பியது. மறு ஆண்டே கென்னல் கிளப் இலக்கணங்களைத் திருத்தியது. புல்டாகின் மண்டை பற்றிய வாசகம் நூறாண்டுகளுக்கு மேல் நகர்ந்த பாதை இதில் துலங்குகிறது. முதலில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. பிறகு வெறுமனே பெரியது. இப்போது ஓரளவு பெரியது. அதிகாரம் தன் மனம்போல விதியை மாற்றும் என்பதற்கு இதை ரிட்வோ வழியில் சான்றாக்கலாம். ஆனால் திருத்தத்தை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்கள் புல்டாக் வளர்ப்பவர்களே. வளர்க்கும் கைக்கும் விற்கும் கைக்கும் இடையே கோடு போடுவது எளிதல்ல என்பதால், அந்தக் குரலில் பெருமை எவ்வளவு, பிழைப்பு எவ்வளவு என்பதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

‘தி இன்வென்ஷன் ஆஃப் தி மாடர்ன் டாக்’ என்ற 2018-ஆம் ஆண்டு நூலில் வார்பாய்ஸும் அவருடைய இணை ஆசிரியர்களும், நாயினம் என்ற கருத்தே விக்டோரியா காலத்தின் கண்டுபிடிப்பு என்று வாதிடுகிறார்கள். அந்த முடிவோடு இக்கட்டுரைக்குப் பிணக்கில்லை. கண்டுபிடித்தவர்களின் பட்டியலில் பில் ஜார்ஜின் முற்றத்தை இன்னும் மேலே எழுத வேண்டும், அவ்வளவே.

பிற நாடுகள் வேறு வேறு வழியில் இறங்கியிருக்கின்றன. ஆஸ்லோ நீதிமன்றம் 2022 ஜனவரியில் புல்டாக், கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் ஆகிய இரண்டின் இனப்பெருக்கமும் நார்வேயின் விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்றது. மேல்முறையீட்டில் கவலியருக்கான தடை நிலைத்தது, புல்டாகுக்கானது நீங்கியது. 2023-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அப்படியே விட்டது. நெதர்லாந்து இனத்தின் பெயரைப் பிடித்துக்கொள்ளாமல் அளவைப் பிடித்தது. மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது என்று 2019-இல் வரையறுத்தது. நாயின் தலைமேல் மறுபடியும் அளவுகோல் வைக்கப்படுகிறது. இம்முறை அதைப் பிடித்திருப்பவர் கால்நடை மருத்துவர்.