கிரெப்பின் இரண்டு மாற்றங்கள்

கோப்புகளில் சொல் தேடும் கட்டளையான க்னூ கிரெப்பின் 2018 டிசம்பர் பதிப்பான 3.2இல் ஓர் எக்ஸிட் கோடு, அதாவது கட்டளை முடிந்ததும் ஷெல்லுக்குத் தரும் எண், தலைகீழானது. தேடும் சொல் இல்லாத கோப்புகளின் பெயரை மட்டும் காட்டும் பெரிய எல் ஆப்ஷனில்தான் இந்த மாற்றம். அதற்குமுன், கோப்பில் சொல் அகப்பட்டால் பூஜ்யம், அதாவது வெற்றி, அகப்படாவிட்டால் ஒன்று. 3.2இலோ, பட்டியலில் ஒரு பெயராவது வந்தால் பூஜ்யம். கிட் கிரெப்பும் அப்படித்தான் நடந்துகொள்கிறது என்பது காரணம். தர்க்கப்படி புதியதே சரி. கேட்டது கிடைத்தால் வெற்றிதானே.

ஷெல் ஸ்கிரிப்டுக்குத் தர்க்கம் தெரியாது, எண் தெரியும். அந்த எண்ணை நம்பி வழி பிரியும் ஸ்கிரிப்ட், பதிப்பு மாறிய அன்றே எதிர்வழியில் இறங்கிவிடும். திரையில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. பட்டியல் அதே பட்டியல். கோளாறு வெளிப்படுவது நாலு படி தள்ளி, சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில். அங்கிருந்து பின்னோக்கி வந்து கிரெப்பைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

2022 செப்டம்பரில் வந்த 3.8 செய்தது வேறு. ஈகிரெப், எஃப்கிரெப் இரண்டும் 1979இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்த பழைய கட்டளைகள். க்னூ அவற்றை 2007இலேயே கைவிட வேண்டியவை என அறிவித்துவிட்டது. 3.8இலிருந்து, அழைக்கும் போதெல்லாம் 'இது வழக்கொழிகிறது' என்று ஓர் எச்சரிக்கை வரி. தேடல் முடிவும் எக்ஸிட் கோடும் பழையபடியே. அந்த வரி ஸ்டாண்டர்டு எரருக்கு மட்டும் போகிறது. ஆனாலும் தேடல் முடிவையும் எரரையும் சேர்த்துப் பிடித்து அலசும் ஸ்கிரிப்டுகள் தடுமாறின. எரரில் எது வந்தாலும் தோல்வி என்று கொள்ளும் சோதனைகள் விழுந்தன. அமைதியாக ஓடிய கிரான் வேலைகள் மெயில் அனுப்பத் தொடங்கின.

இரண்டில் இதுதான் எளிய நோய் என்பேன். மருந்தின் பெயர் எச்சரிக்கை வரியிலேயே இருக்கிறது: கிரெப்போடு பெரிய ஈ அல்லது பெரிய எஃப் சேர். ஆனால் இந்த எச்சரிக்கைக்கு அவசியம் இருந்தது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஈகிரெப்பும் எஃப்கிரெப்பும் கிரெப்பை அழைக்கும் சின்னஞ்சிறு ஸ்கிரிப்டுகள்தானே, வைத்திருப்பதில் என்ன பாரம்? சில லினக்ஸ் விநியோகங்களும் அந்த வரியை நீக்கியே வெளியிட்டன.

க்னூ பின்வாங்கியது முதல் மாற்றத்தில் மட்டும். 2020 செப்டம்பரின் 3.5, ஒத்திசைவுச் சிக்கலைச் சொல்லிப் பழைய எண்ணுக்கே திரும்பியது. இடையில் 3.2 முதல் 3.4 வரையிலான பதிப்புகளை நம்பி எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகளுக்கு அந்தத் திருத்தமே புதிய உடைப்பு. எந்தப் பதிப்பிலும் ஒரே விடை வேண்டுமென்றால், பெரிய எல்லின் எக்ஸிட் கோடைத் தொடாமல், சின்ன க்யூ ஆப்ஷனில் தேடி அதன் விடையை ஷெல்லிலேயே எதிர்மறையாக்கிக்கொள்வது உத்தமம்.