ஊசி போட்டாச்சா? – ஒரு கேள்வியின் பழைய கணக்கு

போன பொங்கலுக்கு நெற்குப்பை போயிருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கிற பெரிய வீடு. கூட்டிப் பெருக்கும்போது இரண்டாம் கட்டு அறை ஒன்றில் ஐயாவின் தகரப் பெட்டி கிடைத்தது. (எங்க பக்கம் தாத்தாவை ஐயா என்போம்.) உள்ளே இரண்டு ஐந்தொகை நோட்டு, கிட்டங்கி விலாசம் அச்சடித்த கவர்கள், அவற்றுக்கு அடியில் மஞ்சள் அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம். பாஸ்போர்ட் என்று நினைத்துத்தான் எடுத்தேன். பார்த்தால் ஊசிப் புத்தகம்!

1950களின் நடுவில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்குக்குப் போனவர் அவர். பெரியம்மைப் பக்கத்தில் இரண்டு முத்திரை, காலராப் பக்கத்தில் ஏழு. ஒவ்வொன்றிலும் தேதி, டாக்டர் கையெழுத்து, வட்டமான சீல். கொண்டுவிக்கப்போன ஊரில் கொடுத்து வாங்கிய கணக்கெல்லாம் கரையான் அரித்துவிட்டது. இந்தப் புத்தகம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

அதைப் புரட்டும்போது எனக்கு நினைவுக்கு வந்தது 2021 டிசம்பர். அப்பச்சியின் ஒரு கையெழுத்து விஷயமாக ஓர் அரசு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாசலில் காவலாளி ஒவ்வொருத்தரிடமும் ஊசி சர்டிபிகேட் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனைக் காட்டினேன், விட்டுவிட்டார். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி. முதியோர் உதவித்தொகை நின்றுபோனது பற்றிக் கேட்க வந்தவர். கையில் பட்டன் போன்கூடக் கிடையாது. "ரெண்டு ஊசியும் போட்டாச்சுய்யா, இந்தா பாரு, இந்தக் கையிலதான்" என்று முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினார். கொரோனா ஊசி தழும்பு விடாதே! காவலாளி என்ன செய்வார், "பேப்பர் இருந்தா கொண்டாங்க ஆத்தா" என்று திருப்பி அனுப்பினார். அதே நேரம் உள்ளே போன இரண்டு ஜீப்களை யாரும் நிறுத்தவில்லை.

அன்றைக்கு எனக்குக் கோபம் மட்டும்தான் வந்தது. மஞ்சள் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறதே என்று தேடத் தொடங்கினேன். குறிப்பாக எடுத்து வைத்ததைக் கீழே தருகிறேன்.

முதலில், பாட்டி செய்தது அபத்தம் இல்லை. ஒரு காலத்தில் தோள்தான் சர்டிபிகேட். எட்வர்ட் ஜென்னர் 1796-இல் மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். ஆறே வருஷத்தில், 1802-இல், அந்தப் பால் பாக்தாத், பாஸ்ரா வழியாக ஆள் மாற்றி ஆள் குத்தப்பட்டே பம்பாய் வந்து சேர்ந்தது. நம்ம ஊரில் இதற்குப் பெயர் அம்மை குத்துதல். "அம்மை குத்துறவுக வர்றாகன்னா கொல்லைப்பக்கம் ஓடி ஒளிஞ்சுக்குவோம்" என்று அப்பத்தா சொல்வார். மாரியாத்தா வீட்டுக்கு வந்திருக்கும்போது கத்தி வைப்பதா என்ற பயம் ஒரு பக்கம், வலி ஒரு பக்கம். ஆனால் குத்தியவர்களுக்குக் கையில் காசு அளவுக்கு ஒரு வடு நிற்கும். அதைப் பார்த்தால் போதும், யாரும் தாள் கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் 1900-ஐ ஒட்டிப் பெரியம்மை பரவியபோதும், தாளில் பொய் எழுதிவிடுவார்கள் என்று சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லித் தழும்பைத்தான் பார்த்தார்கள். (இன்றைக்கு நடுவயதில் இருப்பவர்கள் கையில் உள்ளது பெரும்பாலும் காசநோய்க்கான பிசிஜி தழும்பு. அது வேறு.)

அடுத்த கேள்வி: யாரிடம் கேட்டார்கள்? இதற்கு நம் வீட்டு வாசலிலேயே உதாரணம் இருக்கிறது. இராமேஸ்வரம் ரயிலில் போனவர்கள் 'மண்டபம் கேம்ப்' என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு, இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளுக்கு இதுதான் வாசல். இருந்தது இந்திய மண்ணில், நடத்தியது இலங்கை அரசு. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்ததிலிருந்தே இந்தியாவிலிருந்து வருகிற உழைப்பாளி என்றால் நோய் என்று அங்கே ஒரு பயம். மண்டபத்தில் சில நாள் அடைத்து வைத்து, குளிக்க வைத்து, துணியைச் சுத்தம் செய்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்து ஆள் என்பதற்கு எண் பொறித்த தகர டிக்கெட் வேறு. மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் போனவர்கள் இவர்கள். 1980களில் அதே மண்டபம் முகாம் இலங்கையிலிருந்து ஓடிவந்த தமிழர்களுக்கு அகதி முகாமானது தனிக் கதை.

கிழக்கே போன கப்பலிலும் இதே கதைதான். சிங்கப்பூருக்கு செயின்ட் ஜான்ஸ் தீவு, பினாங்குக்கு ஜெரெஜாக் தீவு. கப்பலில் நோய் என்று சந்தேகம் வந்தால் டெக் பயணிகளைத்தான் அங்கே இறக்குவார்கள். கேபின் பயணிகள் பெரும்பாலும் நேரே ஊருக்குள் போய்விடலாம். கிருமிக்கு டிக்கெட் வகுப்பு தெரியாது, ஆனால் குவாரண்டைனுக்குத் தெரிந்திருந்தது. ஐயாவும் டெக் டிக்கெட்தான். வட்டிக் கடைக்குப் போகிறவர் என்றாலும் முதல் முறை போகும்போது அடுத்தாள் வேலைக்குத்தானே போனார். அந்தப் புத்தகத்தை ஏன் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீல் தெளிவாக இல்லை என்றால் கேபின்காரருக்கு ஒரு சின்ன அலுப்பு, அவருக்கோ தீவு.

அந்தப் புத்தகமே ஒரு முன்னேற்றம் என்பதையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1951-இல் சர்வதேச சுகாதார விதிகளைக் கொண்டுவந்தது, 1952-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் ஊசிச் சான்றுப் படிவத்தில் எந்த வகுப்பு என்ற பேச்சே இல்லை. பெரியம்மைச் சான்று மூன்று வருஷம் செல்லும், காலராச் சான்று ஆறு மாசம். காலராப் பக்கத்தில் ஏன் ஏழு முத்திரை என்பதற்குக் கணக்கு இதுதான். எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே காலக்கெடு. தாள் நியாயமாக நடக்க முடியும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

தாள் கேட்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேலையிடத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. பெரியம்மையின் கடைசி அத்தியாயமே அவைதான்.

முதலாவது, 1977 அக்டோபர், சோமாலியாவின் மெர்கா நகரம். அலி மாவ் மாலின் அங்கே ஆஸ்பத்திரிச் சமையல்காரர். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் குத்திக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஊசி வலிக்கும் என்று பயந்து அவர் தப்பித்துவிட்டார். ஒருநாள் இரண்டு நோயாளிக் குழந்தைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழிகாட்ட ஏறி, சில நிமிஷம் கூடப் போனார். அவ்வளவுதான். இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் உலகின் கடைசி நோயாளி அவர். பிறகு அந்த ஊரில் இரண்டே வாரத்தில் 50,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வீடுவீடாகப் போய்க் குத்தினார்கள். வேறு யாருக்கும் தொற்றவில்லை. அவரும் பிழைத்தார், பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள் என்பதுதான் அவர் பேச்சு. 2013-இல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியாவில் இறந்தார்.

இரண்டாவது, 1978, இங்கிலாந்தின் பர்மிங்காம் மருத்துவக் கல்லூரி. பெரியம்மைக் கிருமியை வைத்து ஆராய்ச்சி நடந்த ஆய்வகத்துக்கு மேல்மாடியில், வேறொரு துறையில் புகைப்படக்காரராக இருந்தார் ஜேனட் பார்க்கர். அவர் கடைசியாகக் குத்திக்கொண்டது 1966-இல். செப்டம்பர் 11 அன்று இறந்துபோனார். பெரியம்மையால் உலகில் கடைசியாக இறந்தவர் அவர்தான். அந்தக் கட்டடத்தில் ஆபத்து யாரைத் தொடும், யார் கையில் பாதுகாப்பு இருக்கிறது என்று முழுசாக ஒரு பட்டியல் போட்டு, விட்டுப்போனவர்களைத் தேடிப் போயிருந்தால்? மெர்காவிலும் கேட்க வேண்டிய கேள்வி இதேதான்.

ஆக 'ஊசி போட்டாச்சா?' என்ற ஒரே கேள்வியை இரண்டு காரணத்துக்காகக் கேட்கலாம். போடாதவருக்குப் போட்டுவிடக் கேட்கலாம். போடாதவரை வெளியே நிறுத்தக் கேட்கலாம். படிவம் ஒன்றுதான். அடுத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

கொரோனாவில் இரண்டும் நடந்தது. அமெரிக்காவில் 2021 செப்டம்பர் 9 அன்று அதிபர் பைடன் மத்திய அரசு ஊழியர்கள் எல்லோரும் ஊசி போட வேண்டும் என்று உத்தரவிட்டார். ஊழியர்கள் ஆவணம் காட்ட வேண்டும். வேலையாக வரும் பார்வையாளர்கள் படிவத்தில் தாங்களே எழுதிக் கொடுத்தால் போதும், போடாதவர் மூன்று நாளுக்குள் எடுத்த நெகட்டிவ் ரிசல்ட் காட்ட வேண்டும். இதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அரசுச் சேவையோ உதவியோ பெற வருகிற பொதுமக்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது என்று விதியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் டெக்சாஸ் நீதிபதி ஒருவர் ஊழியர் உத்தரவுக்குத் தடை போட்டார், 2023 மே மாதம் அரசே திரும்பப் பெற்றது. நல்லதோ கெட்டதோ, எங்கள் பாட்டி அந்த வாசலில் நின்றிருந்தால் உள்ளே போயிருப்பார்.

நம்ம ஊரில், 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய மெகா முகாம்கள் முதல் வகை. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல் என்று மேசை போட்டு உட்கார்ந்தார்கள். பட்டியலில் இல்லாதவரைத் தேடிப் போன நர்ஸம்மாக்களை நானே பார்த்தேன். அதே செப்டம்பரில் நீலகிரியில் ஊசிச் சான்று இல்லாமல் டாஸ்மாக்கில் சரக்கு கிடையாது என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். டிசம்பரில் மதுரையில் ஊசி போடாதவருக்குப் பொது இடங்களில் அனுமதி இல்லை என்ற அறிவிப்பு வந்தது. அப்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

இது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் தீர்ப்பு வந்தது. தடுப்பூசிக் கொள்கையில் நீதிமன்றம் குறை காணவில்லை. ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, தொற்று குறைவாக இருக்கும்போது போடாதவர்களைப் பொது இடங்களில் தடுப்பது அளவுக்கு மீறியது, அப்படிப்பட்ட உத்தரவுகளை மறுபரிசீலனை செய்யுங்கள் என்றது. போடாதவரால்தான் அதிகம் பரவுகிறது என்று காட்டும் தரவு எதையும் அரசுகள் முன்வைக்கவில்லை என்பது அதற்குச் சொன்ன முக்கியக் காரணம். கிருமி மாறிக்கொண்டே இருந்தது. போட்டவருக்கும் வந்தது, அவரிடமிருந்தும் பரவியது. பெரியம்மைத் தழும்பு சொன்ன அளவுக்கு உறுதியாகக் கொரோனாச் சான்று எதையும் சொல்லவில்லை.

பெரியம்மையை ஒழித்தது ஊசிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதம். 1980 மே 8 அன்று நோயே உலகில் இல்லை என்று அறிவித்தார்கள். அதன் பிறகு ஐயாவின் புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு வேலையில்லாமல் போனது. ஒரு சான்றிதழுக்கு இதைவிட நல்ல சாவு கிடையாது.

ஊருக்குக் கிளம்பும் முன் அப்பத்தாவிடம் புத்தகத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தார். "இது இல்லாம கப்பல்ல ஏத்த மாட்டாகன்னு உங்க ஐயா இடுப்புலேயே செருகி வச்சிருப்பாக" என்றார். அப்புறம் தன் கையைத் திருப்பித் தழும்பைத் தடவிக்கொண்டே, "என்கிட்ட யாரும் கேட்டதில்ல. நான் எங்க போனேன்" என்றார்.

பாட்டிக்கு உதவித்தொகை வந்ததா என்று நான் திரும்பப் போய் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.