ஏலத்தில் போன நிலமும் ஏலத்தில் வரும் வீடும்



கடந்த பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருவர் தம் தந்தையாருடன் என் இல்லத்திற்கு வந்திருந்தார். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் பிறந்தவர். இன்று கோலாலம்பூரில் கணக்காளராகப் பணிபுரிகிறார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. கடன் கட்டத் தவறியவர் ஒருவரின் அடுக்குமாடி வீட்டை வங்கி ஏலத்தில் விடுவதற்கான அறிவிப்பு அது. 'லாஃப்ட்' என்று இப்போது சொல்கிறார்களே, உயர்ந்த கூரையும் உள்ளேயே படியேறிச் செல்லும் மேல்தளமும் கொண்ட வீடு, அந்த வகையைச் சேர்ந்தது. முதல் ஏலத்தில் 300,000 ரிங்கிட்டாக இருந்த ஒதுக்கு விலை, மூன்று முறை கேட்பாரின்றி நான்காம் ஏலத்தில் 218,700 ரிங்கிட்டுக்கு இறங்கியிருந்தது.

"வாங்கலாமா ஐயா?" என்று கேட்டார் மாணவி.

முன்பணம் தந்தையாரின் ஊழியர் சேமநிதியிலிருந்து வர வேண்டும். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்ந்த பணம். அவர் விலையைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த வீட்டுல இப்ப யாரு இருக்காங்க?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. மகளின் கேள்விக்கான விடையும் அதற்குள்ளேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஏலம் என்னும் சொல்

மலாய் மொழியில் ஏலத்தை 'லெலோங்' என்பார்கள். நம்மவர் பேச்சிலும் 'லெலோங் வீடு' என்றே வழங்குகிறது. அச்சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. தமிழில் நாம் புழங்கும் 'ஏலம்' என்ற சொல்லும் அதே போர்த்துகீசிய மூலத்திலிருந்து வந்ததே என்பது சொல்லாய்வாளர் கருத்து. மலையாளத்தில் அது 'லேலம்' என்று இன்னும் முதலெழுத்தோடு இருப்பதைக் காணலாம். ஆக, ஒரே சொல் இரு கரைகளில் இறங்கி இரு மொழிகளில் குடியேறியிருக்கிறது.

சொல் பழையதாயினும், கடனுக்காக நிலத்தை ஏலம் விடும் இன்றைய முறைக்குச் சிலாங்கூரில் அடித்தளமிட்டது 1891ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டம். ஆஸ்திரேலியாவில் தோன்றிய டோரன்ஸ் முறையை அது இங்குக் கொண்டுவந்தது. அம்முறையின் சாரம் எளியது: பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், நிலத்தின்மேல் கடன் இருந்தால் அதுவும் அதே ஏட்டில் எழுதப்படும். நிலத்தில் எத்தனை ஆண்டு வாழ்ந்தோம், எவ்வளவு உழைத்தோம் என்பதை அந்த ஏடு கேட்பதில்லை. நம் மக்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியே பெரிதும் உதவும்.

விலை வீழ்ந்த காலம்

சட்டம் வந்த சில ஆண்டுகளில் ரப்பர் வந்தது. காடுகள் தோட்டங்களாயின. 1917ஆம் ஆண்டு, பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் தென்னமரம் தோட்டத்தில், பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். (பத்தாங் பெர்ஜுந்தையே 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது.) அந்த ஃபோக்கோனியே மலாயாவைக் களமாகக் கொண்டு எழுதிய புதினம் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தோட்டத்தைத் திறந்தவரின் பெயர் இலக்கிய வரலாற்றிலும் இருக்கிறது. அதே தோட்டத்தில் காடு வெட்டியவர்களின் பெயர் நிலப்பதிவேட்டில்கூட இல்லை.

அவர் பரிசு பெற்ற அதே காலத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1925இல் உச்சத்திலிருந்த ரப்பர் விலை 1932இல் அடிமட்டத்தைத் தொட்டது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலை போனதும் வீடும் போயிற்று. ஏனெனில் லயத்து வீடு வேலையோடு வந்த வீடு.

அதே ஆண்டுகளில் சிறுநிலக்காரர்கள் நிலத்தை ஈடு வைத்து வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் தவித்தனர். கடன் கொடுத்தவர்களில் நகரத்தார் கணிசமானோர். நிலங்கள் ஏலத்திற்கு வந்தன. மலாய்க்காரர் நிலங்கள் கைமாறுவதைக் கண்டு அரசு தலையிட்டது. சிறுநில விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1931இல் வந்தது. 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும் 1933இல் இறுக்கப்பட்டது.

இதில் நாம் மறக்கும் மறுபக்கம் ஒன்றுண்டு. நிலத்தைப் பெற்ற செட்டியார்களும் அதனால் மகிழ்ந்துவிடவில்லை. வட்டித்தொழிலுக்கு உயிர் ரொக்கம். கையிலிருந்த ரொக்கமெல்லாம் நிலமாக உறைந்துபோய், அந்நிலத்தை வாங்க ஆளில்லாதபோது, கடன் கொடுத்தவரும் கட்டுண்டார். மலிவாகக் கைக்கு வந்த சொத்து மலிவாகவே கையில் தேங்கவும் கூடும். ஏல அறிவிப்பைக் கையில் வைத்திருப்பவர் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

துண்டாடல்

இரண்டாவது பெரும் விற்பனை நம்மை நேராகத் தாக்கியது. 1950களில், அவசரகாலமும் வரவிருந்த சுதந்திரமும் தந்த அச்சத்தில், ஐரோப்பிய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. கூட்டாகச் சேர்ந்து முழுத் தோட்டத்தை வாங்கியவர்கள், அதைச் சிறுசிறு துண்டுகளாக்கி அதிக விலைக்கு விற்றனர். இதையே 'தோட்டத் துண்டாடல்' என்கிறோம். பேராசிரியர் உங்கு அஜிஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை அளித்தார்.

துண்டு நிலம் வாங்கியவருக்கு லயம் தேவையில்லை. மருத்துவமனையும் பள்ளியும் தேவையில்லை. நிரந்தரத் தொழிலாளியும் தேவையில்லை. குத்தகையாளரைக் கொண்டு மரம் வெட்டினால் போதும். இரண்டு தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வெளியேறின. என் முன் அமர்ந்திருந்த தந்தையார் அவ்வாறு சிறுவயதில் லாரியின் பின்புறம் அமர்ந்து வந்தவர்தாம்.

அந்த இக்கட்டில்தான் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று பேசினார். மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு, விற்பனைக்கு வரும் தோட்டங்களை நாமே வாங்குவோம் என்பதே அவர் சொன்ன வழி. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது முதலில் வாங்கியது கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தை. நாளொன்றுக்குச் சில வெள்ளி கூலி வாங்கியவனுக்குப் பத்து வெள்ளி என்பது அரிசிப் பணம். அதைக் கொடுத்தவர்களால், விற்கப்படும் நிலத்தில் வெளியேற்றப்படுவோராக மட்டுமே இருந்த நம் தொழிலாளர் வர்க்கம், வாங்குவோர் வரிசையில் நின்றது.

அங்கே உணர்ச்சி மட்டும் வேலை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். பணம் முன்பே திரட்டப்பட்டது. அதன்பின்தான் தோட்டம் வாங்கப்பட்டது.

புக்கிட் பெருந்தோங் சொல்லும் பாடம்

மூன்றாவது விற்பனை நம்மில் பலர் கண்ணால் கண்டது. 1990களில் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக உருமாறின. உலு சிலாங்கூரில், ரவாங்கிற்கு வடக்கே எழுந்த புக்கிட் பெருந்தோங் அவற்றுள் ஒன்று. 'பெருந்தோங்' என்றால் மலாய் மொழியில் பேறு பெற்றது என்று பொருள். விலை ஏறும் என்று நம்பி நகரத்தார் பலர் அங்கு வீடு வாங்கினர்.

1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. ரிங்கிட் சரிந்தது. 1998இன் நடுவில் வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. வாராக்கடன்களை வாங்கிக்கொள்ள அவ்வாண்டில் டானாஹார்த்தா நிறுவனத்தை அரசு அமைத்தது. புக்கிட் பெருந்தோங்கில் வீடுகள் வரிசை வரிசையாக ஆளின்றிக் கிடந்தன. மிகக் குறைந்த விலைக்கு ஏலத்திற்கு வந்தன. அங்கு வாங்கி, குடியேறி, நன்றாக வாழ்பவர்களும் இருக்கிறார்கள். விலை மலிவு என்பதற்காகவே வாங்கிப்போட்டு, குடியேறவும் முடியாமல் விற்கவும் முடியாமல் வருந்தியவர்களும் இருக்கிறார்கள். வாழ்வதற்கு வாங்கினார்களா, மலிவுக்கு வாங்கினார்களா என்பதில்தான் வேறுபாடு.

இனி, கையிலுள்ள தாளைப் படிப்போம்

முதலில் விலை. ஒவ்வோர் ஏலத்திலும் ஒதுக்கு விலை வழக்கமாகப் பத்து விழுக்காடு குறைகிறது. 300,000 பிறகு 270,000, அதன்பின் 243,000, அதன்பின் 218,700. மூன்று முறை பத்துக் குறைந்தால் முப்பது விழுக்காடு என்று ஆறாம் ஆண்டு மாணவர்கள் தவறாகச் சொல்வார்கள். உண்மையில் குறைந்தது 27.1 விழுக்காடு. அதைவிட முக்கியமான கேள்வி: மூன்று முறை நகரத்து வணிகர்கள் பார்த்துவிட்டு ஏன் ஒதுங்கினார்கள்?

அடுத்தது பட்டா. 1966 தொடக்கம் நடைமுறையிலுள்ள தேசிய நிலச் சட்டத்தின்படி, தனிப்பட்டா வெளிவந்த வீடு உயர் நீதிமன்றத்தின் வழியாகவோ நில அலுவலகத்தின் வழியாகவோ ஏலம் போகும். பட்டா வராத வீட்டைக் கடன் ஒப்பந்தத்தின் அடிப்படையில் வங்கியே ஏலதாரர் மூலம் விற்கும். பின்னதில் பட்டாவுக்காகக் காத்திருக்கும் சுமை வாங்குபவருடையது. 99 ஆண்டுக் குத்தகை நிலமா, மாநில அனுமதி தேவையா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, இத்தகைய மேல்தள வீடுகளுக்கே உரிய சில கேள்விகள். நகரில் இவற்றுள் பல வணிகப் பட்டாவில் கட்டப்பட்டவை. அப்படியானால் மதிப்பீட்டு வரியும் மின், நீர்க் கட்டணங்களும் கூடும். உட்புற மேல்தளம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் உள்ளதா, முன்னவர் பின்னர் சேர்த்ததா? ஏலத்திற்கு முன் உள்ளே சென்று பார்க்கவும் பெரும்பாலும் வாய்ப்பில்லை. 'உள்ளது உள்ளபடி' என்பதே ஏலத்தின் விதி.

நான்காவதாக, பழைய பாக்கி. கடன் கட்டாதவர் பராமரிப்புக் கட்டணமும் கட்டியிருக்கமாட்டார். அதில் எவ்வளவை வங்கி ஏற்கும், எவ்வளவு வாங்குபவர் தலையில் விழும் என்பது விற்பனை நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கும். நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் தொகை தெரிந்துவிடும்.

ஐந்தாவது, தந்தையாரின் பணம். ஏலம் கேட்க ஒதுக்கு விலையில் பத்து விழுக்காட்டை வங்கிக் காசோலையாகக் கட்ட வேண்டும். இங்கே 21,870 ரிங்கிட். நீதிமன்ற, நில அலுவலக ஏலங்களில் மீதித் தொகையை 120 நாளுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் முன்பணம் பறிபோகும். ஏலத்தில் வென்ற பிறகு கடன் விண்ணப்பம் போடுபவர், பிறர் கையிலுள்ள ஒரு முடிவுக்குத் தம் சேமிப்பைப் பணயம் வைக்கிறார். சம்பந்தனார் காலத்துத் தொழிலாளர்கள் செய்த வரிசையையே நாமும் பின்பற்ற வேண்டும்: பணம் உறுதியான பிறகே கை உயர வேண்டும்.

உள்ளே இருப்பவர்

இறுதியாகத் தந்தையாரின் கேள்வி. ஏலத்தில் வாங்கும் வீட்டைக் காலி செய்து தரும் பொறுப்பை வங்கி ஏற்பதில்லை. உள்ளே குடும்பம் இருந்தால், பேசி அனுப்புவதும், முடியாவிட்டால் நீதிமன்றம் செல்வதும் வாங்குபவரின் வேலை. செலவும் காலமும் ஒருபுறம் இருக்கட்டும். தம் சிறுவயதில் லயத்தை விட்டு லாரியேறிய ஒருவர், இன்னொரு குடும்பத்தின் கதவைத் தட்டி 'வெளியேறுங்கள்' என்று சொல்ல நேரிடும். அதனால் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடன் கட்டப்படாத வீட்டை யாரோ ஒருவர் வாங்கத்தான் போகிறார். ஆனால் அந்தக் கதவைத் தட்டும்போது எப்படித் தட்டுவது, காலி செய்ய எத்தனை நாள் கொடுப்பது, வண்டிக்கூலிக்கு ஏதேனும் கொடுப்பதா என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் விலையை எண்ண வேண்டும்.

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராடினார்கள். அவர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தை அரசு அறிவிக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம்மவர்க்கு 'சொந்த வீடு' என்ற சொல் எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்தக் கனத்தால்தான் மலிவு விலையைக் கண்டதும் கை உயரத் துடிக்கிறது.

மாணவி மறுவாரம் அந்தக் கட்டடத்திற்குச் சென்று விசாரித்தார். வீட்டில் குடியிருப்பவர்கள் இருந்தனர். பராமரிப்புப் பாக்கியும் இருந்தது. வங்கியின் கடன் ஒப்புதல் இன்னும் வரவில்லை. அந்த ஏலத்தை அவர் விட்டுவிட்டார். ஒப்புதல் கிடைத்ததும், காலியாக உள்ளதும் பட்டா வந்ததுமான வேறொரு வீட்டைத் தேடப்போவதாகத் தொலைபேசியில் சொன்னார். தந்தையாரின் சேமநிதி இன்னும் கணக்கிலேயே இருக்கிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் இத்தகைய தாளோடு வந்தால் தடுக்காதீர்கள். உடன் அமர்ந்து வரிவரியாகப் படியுங்கள். ஆசிரியர்களே, விழுக்காட்டுக் கணக்கு நடத்தும்போது ஒரு நாள் ஓர் ஏல அறிவிப்பை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லுங்கள். நம் பாட்டன்மாருக்கு அந்த ஏட்டைப் படிக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கிட்டியிருக்கிறது.