இலைத்தூளிலிருந்து நானோகிராம் வரை: டிஜாக்சின் அளவின் வரலாறு

இதய மருந்துகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று டிஜிடாலிஸ். 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள் சிலர் அதைப் பற்றிக் கவலை தரும் ஆய்வொன்றை வெளியிட்டார்கள். மருத்துவமனையில் சேர்ந்தபோது இந்த வகை மருந்தை உட்கொண்டுவந்த 135 பேரைக் கவனித்ததில், 23 விழுக்காட்டினருக்கு மருந்தே நஞ்சாகியிருந்தது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. ஏறக்குறைய நாலில் ஒருவர். அந்த மருந்தை முறையாக ஆராய்ந்த முதல் நூல் வெளிவந்து அப்போது 186 ஆண்டுகள் ஆகியிருந்தன. நச்சின் அடையாளங்களும் அந்த நூலிலேயே விரிவாக எழுதப்பட்டிருந்தன. தெரிந்த ஒன்று ஏன் இத்தனை காலம் கைக்கு எட்டாமல் போனது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. டிஜிடாலிசின் வரலாற்றை ஒரு மூலிகை மருந்தாகிய கதையாகவே சொல்லி வந்திருக்கிறோம். மருந்து கிடைத்த பிறகு அதன் சரியான அளவு கிடைக்க இரண்டு நூற்றாண்டுகள் ஆயின என்பதுதான் நோயாளிக்கு முக்கியமான வரலாறு. அந்தத் தேடலும் மருந்தின் தூய்மையிலேயே நெடுங்காலம் கண்ணாக இருந்தது. அதை வாங்கிக்கொள்ளும் உடலைப் பார்க்கத் தாமதமாகத்தான் திரும்பியது.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொழில் நடத்திய வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் 1775இல் ஒரு குடும்ப மருந்துக் குறிப்பு வந்தது. ஷ்ராப்ஷையரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், உடலில் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு ரகசியமாகக் கொடுத்துவந்த மருந்து அது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கொண்ட அந்தக் கலவையில், வேலை செய்வது ஃபாக்ஸ்குளவ், அதாவது டிஜிடாலிஸ் செடி ஒன்றுதான் என்று விதரிங் ஊகித்தார். தாவரவியல் அறிந்தவராதலால் அந்த ஊகம் அவருக்கு எளிதாக வந்தது. அந்த மூதாட்டிக்குப் பிற்காலத்தில் ஒரு பெயர் சூட்டி, ஓவியம் தீட்டி, விதரிங்குடன் நேருக்கு நேர் நிற்க வைத்தார்கள். அது 20ஆம் நூற்றாண்டு மருந்து விளம்பரம் பரப்பிய கற்பனை.

பத்தாண்டுகள் பொறுத்திருந்து, 1785இல்தான் அவர் தம் நூலை வெளியிட்டார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரம் அதில் உண்டு. குணமானவர்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல், பலன் கிடைக்காதவர்களையும் மருந்தால் துன்பப்பட்டவர்களையும் சேர்த்தே எழுதினார். தொடக்கத்தில் தாம் கொடுத்த அளவு மிக அதிகம் என்பதையும் மறைக்கவில்லை. இலை எல்லாப் பருவத்திலும் ஒரே வீரியத்துடன் இருப்பதில்லை என்பதால், பூக்கும் காலத்தில் பறித்து உலர்த்திய இலையின் தூளுக்கு மாறினார்; வேளைக்கு 1 முதல் 3 கிரெயின், அதாவது சுமார் 65 முதல் 195 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை என்று வரையறுத்தார். சிறுநீர் பெருகினாலோ, குமட்டினாலோ, நாடி தளர்ந்தாலோ, வயிறு கழிந்தாலோ, இவற்றில் எது முதலில் தென்படுகிறதோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் விதி. அளவு மீறினால் வாந்தி, தலைசுற்றல், பார்வை மங்கிப் பொருள்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரிதல், நாடி நிமிடத்துக்கு 35 வரை இறங்குதல், மயக்கம், மரணம் என்று வரிசையாக எழுதி வைத்தார். இன்றைய மருந்தியல் பாடநூலில் இந்தப் பட்டியலோடு சேர்ப்பதற்கு அதிகமில்லை.

அடுத்து வந்த தலைமுறை விதியை விட்டுவிட்டு இலையை மட்டும் எடுத்துக்கொண்டது. காசநோய், காய்ச்சல், வலிப்பு, மனநோய் என்று எதற்கெல்லாமோ டிஜிடாலிஸ் கொடுக்கப்பட்டது.

மருந்து மறுபடி இதயத்துக்குத் திரும்பியது ஜேம்ஸ் மெக்கன்சியால். லங்காஷையரின் பர்ன்லி என்ற நெசவாலை ஊரில் பொது மருத்துவராக இருந்தவர் அவர். மணிக்கட்டு நாடியையும் கழுத்துச் சிரையின் துடிப்பையும் ஒரே காகிதச் சுருளில் அருகருகே கோடாக வரையும் பாலிகிராஃப் என்ற கருவியை அமைத்துக்கொண்டு, அதே நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். கீல்வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிய சிலரிடம், இதயத்தின் மேலறை சுருங்குவதைக் காட்டும் சிற்றலை ஒரு கட்டத்தில் கோட்டிலிருந்து காணாமல் போனது. அதன்பின் நாடி தாறுமாறாக ஓடியது. ஆர்தர் குஷ்னியின் மருந்தியல் ஆய்வுகளும், 1909இல் தாமஸ் லூயிஸ் எடுத்த ஈசிஜி பதிவுகளும் அதற்குப் பெயர் தந்தன: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். டிஜிடாலிஸ் எவருக்கு அதிகம் பலன் தந்தது என்று மெக்கன்சி பார்த்தபோது, இந்தத் தாறுமாறான வேகத் துடிப்புக்காரர்களே முன்னே நின்றார்கள். நீர் வடிப்பதற்காக வந்த மருந்து, துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தாகவும் ஆனது இப்படித்தான். நம் ஊர் அரசு மருத்துவமனைகளின் இதயப் பிரிவுகளில் இளம் வயதிலேயே வால்வு கெட்டு வரும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு, மெக்கன்சியின் நோயாளிகள் அந்நியர்களாகத் தோன்ற மாட்டார்கள்.

மருந்தின் இவ்விரண்டு வேலைகளும் உடலில் இரண்டு வழிகளில் நடக்கின்றன. ஒன்று, அது வேகஸ் நரம்பைத் தூண்டி, மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு கடந்துவரும் கணுவைத் தாமதப்படுத்துகிறது. மற்றொன்று உயிரணுவின் சவ்வில் நடப்பது. சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் பம்பை டிஜிடாலிஸ் அடைத்துக்கொள்வதால் உள்ளே சோடியம் கூடுகிறது, அதைத் தொடர்ந்து கால்சியம் தங்குகிறது, தசை பலமாகச் சுருங்குகிறது. இந்தக் கடத்தலை இம்மருந்து தடுப்பதை 1953இல் ஷாட்ஸ்மன் காட்டினார். பம்பாக இயங்கும் நொதியை 1957இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கவ் கண்டுபிடித்தார், அதற்காக 1997இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நோயாளிக்கு இதில் நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. பம்பில் உட்கார, டிஜிடாலிஸிலிருந்து பிரித்தெடுத்து இன்று மாத்திரையாகத் தரப்படும் டிஜாக்சினும் பொட்டாசியமும் போட்டியிடுகின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சினின் பிடி இறுகும். அளவு மாறாமலே மருந்து நஞ்சாகும். இதயச் செயலிழப்புக்காரர் பலரும் டிஜாக்சினோடு சேர்த்து விழுங்கும் ஃபுரோசமைடு, ஊரில் லாசிக்ஸ் என்று அறியப்படும் நீர் மாத்திரை, சிறுநீரோடு பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் வெளியேற்றுகிறது. ஒரே சீட்டில் இந்த இரண்டும் இருக்கும்போது உப்புச்சத்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது தகாது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி மருந்தின் வீரியத்தை நிலைப்படுத்துவதில் கழிந்தது. இலைக்கு இலை வீரியம் மாறியதால், ஒவ்வொரு தொகுதியையும் தவளைக்கும் பூனைக்கும் ஏற்றி, எவ்வளவில் இதயம் நிற்கிறது என்று பார்த்து அளவிட்டார்கள். அதே காலத்தில்தான், உடலை மருந்தால் 'நிரப்பும்' முறை வேரூன்றியது. 1915இல் கேரி எகிள்ஸ்டன் உடல் எடைக்கேற்பப் பெரிய அளவுகளை விரைவில் கொடுத்து முழுப்பலன் காணும் வழியை வகுத்தார். குமட்டல் வரும்வரை ஏற்றி, பிறகு சற்றுக் குறைப்பது பல இடங்களில் வழக்கமானது. விதரிங் நிறுத்தச் சொன்ன அடையாளம், போய்ச் சேர வேண்டிய இலக்காக மாறிவிட்டது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய தவறு என்று நான் கருதுவது இதைத்தான்.

1930இல் பர்ரோஸ் வெல்கம் நிறுவனத்தின் சிட்னி ஸ்மித், கம்பளி இலை கொண்ட மற்றொரு டிஜிடாலிஸ் இனத்திலிருந்து டிஜாக்சினைப் பிரித்தெடுத்தார். இனி மில்லிகிராமில் எடை போட்டுக் கொடுக்கலாம், கவலை தீர்ந்தது என்று தோன்றியது. தீரவில்லை. இரத்தத்தில் நானோகிராம் அளவில் டிஜாக்சினை அளக்கும் கதிரியக்க எதிர்ப்பொருள் முறையை 1969இல் தாமஸ் ஸ்மித் குழு தந்த பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. 1971இல் ஜான் லிண்டன்பாம் வெவ்வேறு நிறுவனங்களின் மாத்திரைகளை ஒப்பிட்டார். உறையில் ஒரே மில்லிகிராம். இரத்தத்தில் ஏறிய அளவிலோ ஏழு மடங்கு வரை வேறுபாடு. பிரிட்டனில் பெருவழக்கிலிருந்த மாத்திரையின் தயாரிப்பு முறை 1969இல் மாறியதால் அது உடலில் சேர்வது குறைந்தது. 1972இல் சரிசெய்யப்பட்டபோது, அதே மாத்திரையை விழுங்கியவர்களுக்குக் கணிசமாக அதிக மருந்து போய்ச் சேர்ந்தது. கடையில் நிறுவனம் மாற்றிக் கொடுக்கப்படும் டிஜாக்சினை மருத்துவரிடம் காட்டாமல் தொடரக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே லிண்டன்பாம் பிறகு குடலுக்குள் போனார். பெருங்குடலில் வாழும் ஒரு பாக்டீரியா சிலருக்கு டிஜாக்சினைச் செயலற்றதாக்கிவிடுகிறது. அப்படிப்பட்டவர் எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுத்தால் பாக்டீரியா மடிந்து, இரத்தத்தில் மருந்து உயர்கிறது என்று 1981இல் அவர் குழு காட்டியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வி. ஐ. மாதனுடன் சேர்ந்து 1989இல் வெளியிட்ட ஆய்வில் நியூயார்க் மக்களையும் தென்னிந்தியரையும் ஒப்பிட்டார்கள். நியூயார்க்கில் மூவரில் ஒருவருக்கு மேல் டிஜாக்சினை இவ்வாறு சிதைத்தனர்; தென்னிந்தியரில் ஏறக்குறைய ஏழில் ஒருவரே. தென்னிந்தியருக்குள்ளும் நகரத்தாரைவிடக் கிராமத்தாரிடம் இது வெகுவாகக் குறைந்திருந்தது. அயல்நாட்டு அளவை அப்படியே இங்கு எழுதுவதற்கு முன் யோசிக்க வைக்கும் இந்த ஆய்வு, இன்னும் பரவலாகப் பேசப்பட்டிருக்க வேண்டியது.

இதயச் செயலிழப்பில் டிஜாக்சின் உயிரைக் காக்கிறதா என்ற கேள்விக்கு 1997இல் வெளியான 'டிஜ்' ஆய்வு விடை தேடியது. சீரான துடிப்பு உள்ள 6,800 பேர்; சராசரியாக 37 மாதக் கண்காணிப்பு. இறப்பு டிஜாக்சின் எடுத்தவர்களில் 34.8 விழுக்காடு, போலி மாத்திரை எடுத்தவர்களில் 35.1 விழுக்காடு. ஆயுள் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வது 34.7இலிருந்து 26.8 விழுக்காடாகக் குறைந்தது. 2003இல் அதே தரவை இரத்த அளவுப்படி பிரித்துப் பார்த்தார்கள். ஆண்களில் மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.8 நானோகிராம் இருந்தவர்களில் இறந்தோர் 29.9 விழுக்காடு, போலி மாத்திரைக்காரர்களில் 36.2, 1.2க்கு மேல் இருந்தவர்களில் 48. சிறுநீரகம் மோசமானவர்களுக்கே இரத்த அளவு உயர்கிறது என்பதால், இந்த வேறுபாடு முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுத முடியாது. ஆயினும் 2 நானோகிராம் வரை சரி என்றிருந்த பழைய எல்லை இதன்பின் தளர்ந்தது. இன்று இதயச் செயலிழப்பில் 0.5 முதல் 0.9 வரைதான் இலக்கு. 2025இல் ஜெர்மானியக் குழு வெளியிட்ட ஆய்வில், டிஜாக்சினின் உறவான டிஜிடாக்சினை நாளுக்கு 0.07 மில்லிகிராமில் தொடங்கிக் கொடுத்தபோது, இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்த கணக்கு குறைந்தது.

நம் பக்கம் வருவோம். 'டிஜாக்சின் 0.25, வாரம் ஐந்து நாள், சனி ஞாயிறு வேண்டாம்' என்ற வரி இந்திய மருந்துச் சீட்டுகளில் பழகிப்போனது. இரத்தத்தில் அளக்க வழியில்லாத காலத்தில், மருந்து தேங்கிவிடக் கூடாதே என்ற அக்கறையில் பிறந்த வழக்கமாகத்தான் இதைப் பார்க்க முடிகிறது. ஆனால் கணக்கு இடிக்கிறது. சிறுநீரகம் நன்றாக இயங்குபவருக்கு டிஜாக்சினின் அரை ஆயுள் 36 முதல் 48 மணி நேரம். வெள்ளி மாத்திரைக்கும் திங்கள் மாத்திரைக்கும் இடையே 72 மணி. அதற்குள் மருந்து மூன்றில் ஒரு பங்காகவோ நாலில் ஒரு பங்காகவோ இறங்கிவிடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குத் துடிப்பு மறுபடி தலைதூக்கலாம். சிறுநீரகம் கெட்டவருக்கோ அரை ஆயுள் நாலைந்து நாள் வரை நீளும். வார இறுதி விடுப்பு அவரைக் காப்பாற்றாது. தினமும் அரை மாத்திரை, 0.125 மில்லிகிராம், என்ற முறை பலருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. வயதானவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் அதனினும் குறைவாக வேண்டியிருக்கும். இதை முடிவு செய்ய வேண்டியவர் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்த்த மருத்துவரே. வீட்டில் தாமாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

அமியோடரோன், வெராபமில், கிளாரித்ரோமைசின் ஆகியவை டிஜாக்சின் அளவை உயர்த்தும். அமியோடரோன் தொடங்கும்போது டிஜாக்சினைப் பாதியாகக் குறைப்பது வழக்கம். கோடையில் வயிற்றுப்போக்கு கண்டு உடல் வறண்டாலும் மருந்து தேங்கும். முதியவர்களிடம் நச்சு பெரும்பாலும் சத்தமின்றியே வருகிறது: சாப்பாட்டைக் கண்டால் வெறுப்பு, குமட்டல், சோர்வு, பேச்சில் குழப்பம். வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அப்போதே நாடியை எண்ணி மருத்துவரிடம் போக வேண்டும். அளவு பார்க்க இரத்தம் கொடுப்பதானால், மாத்திரை விழுங்கி ஆறு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். காலை மாத்திரைக்கு முன்பே கொடுப்பது மேல். மாத்திரை போட்ட கையோடு ஆய்வகத்துக்குப் போனால் வரும் எண் பொய்யாக உயர்ந்திருக்கும்.

நஞ்சுக்கு மாற்றும் உண்டு. ஆடுகளின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் துண்டுகளால் உயிருக்குப் போராடிய ஒருவரைக் காப்பாற்றியதை 1976இல் தாமஸ் ஸ்மித் குழுவே வெளியிட்டது. மஞ்சள் அரளியின் நஞ்சும் இதே குடும்பம் என்பதால், கொழும்பில் அரளி நச்சேறியவர்களுக்கு இதைக் கொடுத்து, துடிப்பு சீராவதை 2000இல் ஓர் ஆய்வு மெய்ப்பித்தது. ஆனால் விலை தாங்காமல் இலங்கையில் இருப்பு தீர்ந்தது. அதன்பின் அரளி நச்சால் இறப்போர் தொகை உயர்ந்ததும் மருத்துவ இதழில் பதிவாயிற்று. இந்திய மருத்துவமனைகளிலும் அது எளிதில் கிடைப்பதில்லை. அங்கே டிஜாக்சின் மீறி வந்தவருக்கு மருத்துவரிடம் இருப்பவை அட்ரோபின், தற்காலிக பேஸ்மேக்கர், பொட்டாசியத்தைச் சீர்படுத்துதல், சிறுநீரகம் மருந்தை மெல்ல வெளியேற்றும் வரை ஈசிஜி திரையில் கண் வைத்துக் காத்திருக்கும் நாட்கள்.