சிரட்டைக் கரியும் சீனத்து மலைகளும்

நம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் என்ன கிடைக்கும் என்பது நாமெல்லோரும் அறிந்ததே. இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் குடிசையும் தென்னையும். தக்கலைப் பக்கத்துப் பள்ளியாயின் சன்னலுக்கு வெளியே வேளிமலை நின்றுகொண்டிருக்கும்; ஆனி, ஆடிச் சாரலில் அதன் பாதி உடம்பு மேகத்துள் மறைந்திருக்கும். தாளிலுள்ள மலைக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமிராது. பிள்ளைகள் பார்த்து வரைவதில்லை. மனப்பாடப் பாட்டைப்போல் ஒப்பிக்கிறார்கள்.

மலையைப் பார்ப்பதையே ஒரு பயிற்சியாக வளர்த்தவர்கள் சீனர். நிலக்காட்சி ஓவியத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஷான்ஷுயி'. மலையும் நீரும் என்று பொருள். நிலத்தை முதற்பொருளாக வைத்து அகம் பாடிய மரபினருக்கு இது அந்நியமான எண்ணமன்று. ஸோங் பிங் (375–443) என்பார் முதுமையில் மலையேற இயலாமற்போனபோது, தாம் கண்ட மலைகளை அறைச் சுவரில் வரைந்துவைத்துப் படுத்தபடியே அவற்றில் உலவினார் என்பர். 1072இல் 'இளவேனில் தொடக்கம்' என்ற புகழ்பெற்ற ஓவியத்தைத் தீட்டிய குவோ ஷியின் பாடங்களை அவர் மகன் நூலாகத் தொகுத்தார். மலை உயரமாகத் தோன்ற வேண்டுமானால் அதை முழுவதும் காட்டலாகாது, இடுப்பில் மூடுபனி சுற்றியிருக்க வேண்டும் என்பது அதிலுள்ள ஒரு பாடம். நம் வேளிமலையைக் கண்டவர்க்கு விளக்கம் தேவையில்லை.

இந்தக் கலை நம் நாட்டு வகுப்பறைக்கு வந்த வழி சாந்திநிகேதனம். 1924இல் தாகூர் சீனம் சென்றபோது உடன் சென்றவர்களுள் நந்தலால் போஸும் ஒருவர். 1937இல் அங்கே சீனபவனம் திறக்கப்பட்டது. 1939 இறுதியில் சீன ஓவியர் ஷு பெய்ஹோங் வந்து தங்கினார். போஸ் தபால் அட்டைகளில் மையால் சிறு சித்திரங்கள் தீட்டி மாணவர்களுக்கு அனுப்புவார். மரமோ ஆடோ, நாலைந்து கோடுகளில் முடிந்துவிடும். 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் வரைந்த பலகைச் சித்திரங்களும் கைத்தாளிலும் மண் நிறங்களிலும் அமைந்தவையே. நாற்பதுகளில் அவரிடம் பயின்ற கே.ஜி.சுப்ரமணியன் (1924–2016), பின்னாளில் பரோடாவில் மரத்துண்டையும் மணியையும் கொண்டு பொம்மைகள் செய்தவர். கையெட்டும் பொருளைக்கொண்டே கலை செய்யலாம் என்ற துணிவு அங்கிருந்து வந்தது. சீனத்தின் வேறெந்தக் கொடையையும்விட நமக்கு இதுவே பெரிதெனத் தோன்றுகிறது.

பத்மநாபபுரம் அரண்மனையிலும் சீனம் உண்டு. பெரிய சீனச் சாடிகளைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதே அரண்மனையின் உப்பரிகை மாளிகைச் சுவரோவியங்களில் ஒரு விரற்கடை இடமும் வெறுமையாக இராது. நிரப்புவதே நம் மரபு. ஆகவே வெறுந்தாளை விட்டுவைக்கச் சொன்னால் நம் பிள்ளைகளுக்குக் கை பதறுவது இயல்புதான். அவ்வரண்மனையின் கண்ணாடி போன்ற கருந்தரை சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியன சேர்த்து இழைத்தது என்பர். சீன மையும் கரிதான்: பைன் மரத்தின் அல்லது எண்ணெய் விளக்கின் புகைக்கரியை விலங்குப் பசையில் குழைத்துக் கட்டியது.

நமக்குக் கட்டி மை வேண்டியதில்லை. சிரட்டைக் கரியை அரைத்தாலும் மை வரும், ஆனால் நறநறவென்றிருக்கும். பாட்டிமார் கண்மைக்குச் செய்வதுபோல ஆமணக்கெண்ணெய் விளக்கின்மேல் ஓட்டைக் கவிழ்த்துப் புகைக்கரி பிடிப்பதே மேல். ஊறவைத்த வேப்பம்பிசினில் அதை நன்றாகக் குழைத்து, மூன்று சிரட்டைகளில் மூன்று பதமாக நீர் கலந்துகொள்ள வேண்டும். தூரிகைக்குத் தாழை விழுதின் நுனியைத் தட்டி நாராக்கினால் போதும். முன்பு சுவருக்கு வெள்ளையடித்தது அதைக்கொண்டுதான். செய்தித்தாள் அச்சிடும் வெற்றுத்தாள் மையை நன்றாக உறிஞ்சும். தாளை ஈரப்படுத்தி, தூரத்து மலையை மிக நீர்த்த மையாலும், அடுத்ததை இடைப்பட்டதாலும், கண்முன் நிற்கும் பாறையையும் பனையையும் கெட்டி மையாலும் தீட்டச் சொல்லலாம். மலையடிவாரத்தை மட்டும் தீட்டவிடக் கூடாது. அவ்விடத்துத் தாளே மேகம்.

தாள் பெரிதாக இருந்தால் சிறுவர் மிரளுவர். தபால் அட்டை அளவே தாராளம்.