தேக்காவிலிருந்து மலை உச்சிக்கு

தேக்காவில் பஸ் ஏறினால் புக்கித் தீமா சாலையோடே போய் மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடலாம். போன ஞாயிற்றுக்கிழமை தேனிக்கார நண்பனைக் கூட்டிப்போனேன். சிங்கப்பூரில் இதைவிட உயரமான மலை கிடையாது. "இதுக்கா மலைன்னு பேரு? எங்க ஊர்ல இத கரடும்பாங்க" என்று சிரித்தான். கடைசிப் படிகளில் அவனுக்கும் மூச்சு வாங்கியது.

ஏசி பஸ்ஸில் நாங்கள் கடந்த அந்தச் சாலையைப் போட்டவர்கள் கைதிகள். 1825இல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கொண்டுவந்தது. பிறகு சென்னை, கல்கத்தா, பம்பாய் மாகாணங்களிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். காட்டையும் சதுப்பையும் வெட்டிப் போட்ட சாலை 1845இல் வடக்கே கிராஞ்சி வரை எட்டியது. புலி ஆளடித்தபோது வேட்டைக்கும் அவர்களைத்தான் அனுப்பினார்கள். ஆயுள் கைதிகள் பலரின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தியிருந்தார்கள். அந்த வழக்கத்தைச் சட்டம் ஒழித்தது 1849இல்தான்.

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை நாம் 1819இல் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்த நாராயண பிள்ளையிலிருந்து தொடங்குகிறோம். வணிகரை முன்னோர் என்று சொல்வதில் பெருமை. கைதியைச் சொல்ல நமக்கே கூச்சம். அவர்கள் போட்ட சாலையில் மட்டும் தினமும் போய்வருகிறோம்.

உச்சிப் பாறையில் 163.63 மீட்டர் என்று உயரத்தைப் பொறித்திருக்கிறார்கள். நண்பன் அதன் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டான். இறங்கும்போதுதான் இதையெல்லாம் சொன்னேன்.

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். "இத பஸ்லயே சொல்லிருக்கலாம்ல" என்றான்.